ஒளியும் மேய்ப்பனும்

சமயச் சின்னங்களை வெறுங் கற்பனையென ஒதுக்குதல் வரலாற்று மாணவருக்கு ஒவ்வாது. 216ஆம் ஆண்டிற் பபிலோனியாவிற் பிறந்த மானி, இறைமையை ஒளியாகக் கண்டார். சடத்துட் சிறைப்பட்ட ஒளியைச் சூரியனும் சந்திரனும் கப்பல்களாய் மீட்டுச் செல்லும். மரந்தோறும் இயேசு அறையுண்டு கிடக்கிறார். ஆதலின் அந்நெறித் துறவியர் கனி பறியார். பறித்தூட்டும் பாவம் உழைக்கும் இல்லறத்தாரைச் சேர்ந்தது.

ஆதிக் கிறித்தவரோ ரோமாபுரியின் நிலவறைக் கல்லறைகளில் ஆட்டைத் தோளிற் சுமக்கும் மேய்ப்பனைத் தீட்டினர். 380இல் தியோடோசியஸ் மன்னன் கிறித்தவத்தை அரச மதமாக்கினான்; 381இல் மானியின் நெறியினரிடமிருந்து உயிலெழுதும் உரிமையைப் பறித்தான். 400ஆம் ஆண்டளவில், சாந்தா புதென்சியானா ஆலயத்திலே கிறித்து பொன்னாடை பூண்டு அரியணையில் வீற்றிருக்கிறார்.

மேய்ப்பனை மன்னனாக்கியது இறையியல் மட்டுமன்று. சின்னங்களின் வரலாறு, உழைப்பும் அதிகாரமும் கொண்ட உறவின் வரலாறுமாகும் என்பதே நம் துணிபு.