கையைவிட நீளமான வாய்

"பாத்து வேல செய்யி மக்கா." நாஞ்சில் நாட்டில் மெஷின் பக்கம் போகிற எல்லாருக்கும் கிடைக்கிற ஒரே பாதுகாப்புப் பயிற்சி இந்த நாலு வார்த்தைதான். சொல்றவங்க பிரியமாத்தான் சொல்றாங்க. ஆனா கரண்டும் டீசலும் ஓட்டுற மெஷினுங்க நம்ம வயலுக்கும் வீட்டுக்கும் வந்த வரலாற்றைப் புரட்டிப் பாத்தா, இந்த நாலு வார்த்தை காப்பாத்தின விரல்கள் ரொம்பக் கம்மி. காப்பாத்தினது எதுன்னு பாத்தா, பெரும்பாலும் ஒரு துண்டுத் தகரம், ஒரு மூடி, ஒரு பூட்டு. அந்தக் கதையைத்தான் இன்னைக்குச் சொல்லப்போறேன்.

முதல்ல களத்திலிருந்து ஆரம்பிக்கலாம். தோவாளை, அகஸ்தீஸ்வரம் தாலுகாக்கள்தான் பழைய நாஞ்சில் நாடு. இங்கே நெல்லுக்கு ரெண்டு போகம்: கன்னிப்பூ, கும்பப்பூ. ரெண்டும் கொல்லம் ஆண்டு மாசங்களின் பேர். கன்னின்னா நம்ம புரட்டாசி, கும்பம்னா மாசி. 1906-இல் பேச்சிப்பாறை அணை கட்டி முடிந்த பிறகு இந்த ரெண்டு போகத்துக்கும் தண்ணிப் பயம் குறைஞ்சது. அறுத்த கதிரைக் கட்டிக் களத்துக்குக் கொண்டுவந்து சூடடிப்பாங்க. மிச்சம் இருக்கிற மணிக்கு மாடு கட்டிப் பிணையல் விடுவாங்க. அப்பவும் காயம் உண்டு. அரிவாள் விரலை வெட்டும், மாடு மிதிக்கும். ஆனா அரிவாள் நம்ம கையைவிட வேகமாப் போகாது. வெட்டுனது உறைச்சதும் கை நிக்கும், கை நின்னா அரிவாளும் நிக்கும். "பாத்து செய்யி" என்கிற புத்தி பிறந்தது அந்தக் காலத்தில். அன்னைக்கு அது சரியான புத்திதான்.

அப்புறம் கரண்டு வந்தது. நாம முதல்ல திருவிதாங்கூர்க்காரங்க, பிறகு 1956 நவம்பர் 1 வரைக்கும் திரு-கொச்சிக்காரங்க. திருவிதாங்கூரின் பெரிய நீர்மின் நிலையமான பள்ளிவாசல் ஓடத் தொடங்கியது 1940-இல். 1970-களின் தொடக்கத்தில் நம்ம கோதையாற்றிலேயே மின்சாரம் எடுத்தாங்க. கரண்டுக்கு முன்னாலேயே சில இடங்களில் ஆயில் எஞ்சினில் ஓடிக்கிட்டிருந்த நெல்லு குத்துற மில்லு, கரண்டு வந்ததும் ஊருக்கு ஊர் முளைச்சது. அதில் இருந்தது 'ஹல்லர்'. 1880-களில் பிரேசில் நாட்டில் எங்கல்பெர்க் என்பவர் காப்பிக்கொட்டையும் நெல்லும் உமி நீக்கக் கண்டுபிடித்த இரும்பு உருளை அது. உரலையும் உலக்கையையும் மூலையில் சாத்தினது இந்த ஹல்லர்தான். பெண்களுக்கு அது எவ்வளவு பெரிய விடுதலை என்று நெல்லு குத்தின கையைக் கேட்டாத்தான் தெரியும்.

ஆபத்து ஹல்லருக்குள்ளே இல்லை, அதை ஓட்டுற பெல்ட்டில் இருந்தது. ஒரே மோட்டார், ஒரு நீளத் தண்டு, அதிலிருந்து ஹல்லருக்கும் மாவு மில்லுக்கும் சல்லடைக்கும் தட்டைப் பெல்ட்டு. பெல்ட்டு புல்லியைத் தொடுற இடத்தில் வேட்டி முனையோ முந்தானையோ அவிழ்ந்த முடியோ சிக்கினா, ஆளையே இழுத்துடும். பெல்ட்டு வழுக்கினா மோட்டாரை நிறுத்தாமலே கையால் பிசின் தேய்ப்பாங்க. விரல் ரெண்டு இல்லாத ஒரு மில்லுக்காரரையாவது உங்க சொந்த ஊரில் நீங்க பாத்திருப்பீங்க.

இதுக்குச் சட்டம் இல்லாம இல்லை. பிரிட்டிஷ் இந்தியாவில் 1881-லேயே வந்த தொழிற்சாலைச் சட்டம், ஆபத்தான எந்திரத்தைச் சுற்றி வேலி போடணும்னு சொன்னது. சுதந்திரத்துக்குப் பிறகு வந்த 1948-ஆம் வருஷச் சட்டம் இன்னும் விளக்கமாச் சொன்னது: சுழலுற பாகத்துக்கு மூடி வேணும்; ஓடுற எந்திரத்தைத் தொட வேண்டி வந்தா பயிற்சி பெற்ற ஆண் தொழிலாளி மட்டும் தொடணும்; அவர் உடம்போடு ஒட்டின இறுக்கமான உடுப்பு போட்டிருக்கணும்; அந்த உடுப்பை முதலாளி தரணும். ஆனா அந்தச் சட்டப்படி, கரண்டில் ஓடுற இடமா இருந்தாலும் 10 பேராவது வேலை செஞ்சாத்தான் அது தொழிற்சாலை. நம்ம ஊர் மில்லில் இருந்தது முதலாளியும் ஒரு கையாளும். ரெண்டு பேருக்கும் உடுப்பு வேட்டிதான். வயலும் களமும் அந்தச் சட்டத்தின் கண்ணுக்கே படல.

வயலில் ஓடுற மெஷினுக்குன்னு தனியா ஒரு சட்டம் வர ஆயிரக்கணக்கான கைகள் போக வேண்டியிருந்தது. அந்தக் கதைக்கு நாம பஞ்சாப், ஹரியானா பக்கம் போகணும்.

1960-களின் பிற்பாதியில் அங்கே குட்டைக் கோதுமை ரகங்கள் வந்து விளைச்சல் மளமளன்னு ஏறியது. சித்திரை வெயிலில் மாட்டை வச்சு அத்தனை கோதுமையையும் மிதிக்க முடியல; மழை வந்தா எல்லாம் போச்சு. ஊர்ப் பட்டறைகளிலேயே கதிரடிக்கும் மெஷின் செய்ய ஆரம்பிச்சாங்க. உள்ளே பல்லு வச்ச ஒரு டிரம் சுத்தும். முன்னால் ஒரு திறந்த வாய். ஆள் பக்கத்தில் நின்னு கதிரைக் கைநிறைய அள்ளி உள்ளே தள்ளணும். வேலை ராத்திரியும் நடக்கும். கதிர் ஈரமா இருந்தா டிரம்முக்கு முன்னால் அடைச்சுக்கும், அதைக் கையால் குத்தித் தள்ளுவாங்க. டிரம் கதிரைப் பிடிச்சு இழுக்கும்போது, கதிரைப் பிடிச்சிருக்கிற கையும் சேர்ந்து போகும். அறுவடைக் காலம் வந்தா வடநாட்டு ஆஸ்பத்திரிகளில் கை துண்டானவர்கள் வரிசையா வர ஆரம்பிச்சாங்க. பெரும்பாலும் கூலிக்காரங்க.

அப்பவும் பேச்சு இதேதான்: தூக்கம், அசதி, போதை, அஜாக்கிரதை. ஆனா ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்க. டிரம்மின் ஓரம் நொடிக்கு சுமார் 15 மீட்டர் வேகத்தில் ஓடும். ஆபத்துன்னு மூளைக்கு எட்டி, கையைப் பின்னால் இழுக்கணும்னா எவ்வளவு சூதானமான ஆளுக்கும் கால் நொடி ஆகும். அந்தக் கால் நொடியில் டிரம்மின் பல்லு மூணே முக்கால் மீட்டர் ஓடியிருக்கும். தோளிலிருந்து விரல் நுனி வரை நம்ம கை முக்கால் மீட்டர்கூட இல்லை. சிக்கின பிறகு கவனத்துக்கு அங்கே வேலையே கிடையாது.

இந்தக் கணக்குக்கு விடை சொன்னது 1979-இல் வந்த இந்தியத் தர நிர்ணயம், ஐ.எஸ். 9020. கதிர் போடுற வாய் குறைஞ்சது 90 சென்டிமீட்டர் நீளம் இருக்கணும், டிரம்மை ஒட்டின 45 சென்டிமீட்டராவது மேலே மூடியிருக்கணும் என்றது. வாயை மனுஷன் கையைவிட நீளமா வச்சுட்டா, அசதியில் இருந்தாலும் ராத்திரி வேலையா இருந்தாலும் கை டிரம்மை எட்டாது. ஆளைத் திருத்துறதை விட்டுட்டு, ஒரு தகரத்தின் நீளத்தைத் திருத்தினாங்க. 1983-இல் நாடாளுமன்றம் 'ஆபத்தான எந்திரங்கள் (ஒழுங்குமுறை) சட்டம்' கொண்டுவந்தது. கதிரடிக்கும் மெஷின் செய்றவருக்கு லைசென்ஸ் வேணும், மெஷினில் விவரத் தகடு இருக்கணும், எப்படி ஓட்டணும்னு கையேடு தரணும், அடிபட்டவருக்கு நஷ்டஈடு கொடுக்கணும் என்றெல்லாம் அது சொன்னது.

சட்டம் வந்ததும் எல்லாம் சரியாகிடல. ஊர்ப் பட்டறையில் சின்ன வாய் வச்ச மெஷின் மலிவாக் கிடைச்சது. ஐஐடி டெல்லிப் பேராசிரியர் தினேஷ் மோகனும் ராஜேஷ் படேலும் கிராமம் கிராமமாப் போய்க் காயங்களை ஆராய்ந்து 1992-இல் ஒரு கட்டுரை வெளியிட்டாங்க. சட்டம் பாத்துக்கிட்டிருந்த மெஷினோடு, அது பாக்காத மாட்டுத்தீவனம் நறுக்குற மெஷினும் விரல்களை எடுத்துக்கிட்டிருந்ததை அவங்க காட்டினாங்க. இதில் மாட்டினது பல நேரம் விளையாட வந்த குழந்தைங்க. பெரிய சக்கரம் சும்மா நிக்கும்போது பிள்ளைங்க சுத்திப் பாக்கும். 'பாத்து செய்யி'ன்னு அஞ்சு வயசுப் பிள்ளைகிட்டே யார் சொல்ல? சக்கரத்துக்கு ஒரு பூட்டு, கத்திக்கு ஒரு மறைப்பு: அவங்க சொன்ன தீர்வு அவ்வளவு மலிவு.

இனி நம்ம மாவட்டத்துக்கே திரும்புவோம். நெல்லுக்கு இப்ப பெரிய அறுவடை மெஷின் வயலில் இறங்கி, அறுத்து அடிச்சுக் கொட்டிட்டுப் போயிடுது. களத்தில் கை போற பயம் குறைஞ்சது. ஆனா வேறொரு மெஷின் நம்ம ஊரில் வீட்டுக்கு வீடு பேசப்பட்டது 2017-இல். அந்த வருஷம் நவம்பர் 30, ஒக்கிப் புயல். ரப்பர், தென்னை, வாழை, தேக்குன்னு கணக்கில்லாம சாஞ்சது. ஆயிரக்கணக்கான மின்கம்பங்கள் விழுந்தது. ரோட்டைத் திறக்கணும், வீட்டு மேல் கிடக்கிற மரத்தை எடுக்கணும். எங்கே பாத்தாலும் செயின் சா சத்தம். அதுவரை அதைத் தொட்டே பாக்காதவங்களும் தூக்கினாங்க.

மரம் அறுக்கிற செயின் சாவின் கதையும் இதே கதைதான். ஜெர்மனியில் ஆண்ட்ரியாஸ் ஸ்டீல் 1926-இல் செய்தது ரெண்டு ஆள் பிடிக்க வேண்டிய கனத்த கரண்டு மெஷின். கொஞ்சம் கொஞ்சமா அது ஒரு ஆள் கைக்கு அடங்கினது. இன்னைக்குப் பல செயின்களில் இருக்கிற வளைஞ்ச பல்லை 1940-களில் அமெரிக்காவில் ஜோசப் காக்ஸ் என்ற மரவெட்டி வடிவமைத்தார். மரத்தைத் துளைக்கிற ஒரு வண்டுப் புழுவின் தாடையைப் பாத்து அந்த யோசனை வந்ததாம். செயின் நொடிக்கு சுமார் 20 மீட்டர் ஓடும். சட்டத்தின் மூக்கு நுனியின் மேல்பாதி எதிலாவது இடிச்சா, மெஷின் பிடிச்சவர் முகத்தை நோக்கித் துள்ளும். கால் நொடிக்கெல்லாம் நேரமே இல்லை. இங்கேயும் காப்பாத்தினது 1970-களின் தொடக்கத்தில் வந்த ஒரு பாகம்தான்: முன்கைப்பிடிக்கு முன்னால் நிக்கிற பிரேக் மட்டை. மெஷின் துள்ளும்போது அது முன்னால் சாஞ்சு செயினைப் பிடிச்சு நிறுத்திடும்.

நம்மூரில் முதலில் கழற்றப்படுறதும் இந்த மாதிரி பாகங்கள்தான். "அது வேலைக்கு இடைஞ்சல், அண்ணாச்சி." இதுக்கு நல்ல உதாரணம் இப்ப எல்லா வீட்டிலும் இருக்கிற கை கிரைண்டர், கட்டிங் மெஷின். நாலு இஞ்ச் மெஷின் நிமிஷத்துக்கு சுமார் 11,000 சுத்து சுத்தும். நாலு இஞ்ச் கல்லின் ஓரம் அப்போ மணிக்கு 200 கிலோமீட்டருக்கு மேலே ஓடுது. அதுக்குக் கல்லு தாங்கும். ஆனா 'ஆழமா வெட்டணும்'னு மூடியைக் கழற்றிட்டு ஏழு இஞ்ச் கல்லை மாட்டினா, ஓர வேகம் நொடிக்கு 100 மீட்டரைத் தாண்டும். அந்தக் கல்லு தாங்கக்கூடியது 80 மீட்டர். வெடிச்சு வர்ற துண்டு முகத்தில் படும்போது 'பாத்து' செய்ய என்ன இருக்கு?

அதனால் மெஷின் பராமரிப்புன்னா எண்ணெய் விடுறது, தூசி தட்டுறது மட்டுமில்லை. அது கம்பெனியிலிருந்து வந்தப்போ எப்படி இருந்ததோ அப்படியே இருக்கான்னு பாக்கிறதுதான் முதல் பராமரிப்பு. எங்க வீட்டில் வேலை தொடங்கும் முன்னாடி நாங்க பாக்கிறது இவ்வளவுதான்:

செயின் சாவில் பிரேக் மட்டையைத் தள்ளி, செயின் நிக்குதான்னு தினமும் சோதிக்கணும். மரத்தூள் மாவு மாதிரி வந்தா பல்லு மழுங்கிப்போச்சு. சீவல் சீவலா வரணும். அரம் போடும்போது பல்லுக்கு முன்னால் இருக்கிற சின்னக் கூம்பை அதிகம் தேய்ச்சா மெஷின் துள்ளும். புயலில் வளைஞ்சு கிடக்கிற மரத்தில், அழுந்தி நிக்கிற உள்பக்கம் முதலில் கொஞ்சம் வெட்டி, அப்புறம் விறைச்சு நிக்கிற வெளிப்பக்கம் வெட்டணும்.

கிரைண்டர் கல்லில் எழுதியிருக்கிற சுத்து எண்ணிக்கை மெஷினில் எழுதியிருக்கிறதைவிட அதிகமா இருக்கணும். அதிலே காலாவதித் தேதி போட்டிருந்தா அதையும் பாக்கணும். கல்லு மாத்தும்போது பிளக்கைப் பிடுங்கியே ஆகணும். ரெண்டு வயரைச் சாக்கெட்டில் செருகி தீக்குச்சி வச்சு ஓட்டுற பழக்கத்தை விட்டுட்டு, மூணு முனை பிளக்கும், லைனில் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபியும் வச்சுக்கணும். புல்லு வெட்டுற மெஷின் ஓடும்போது மத்தவங்க 15 மீட்டர் தள்ளி நிக்கணும். கல்லு எந்தப் பக்கம் தெறிக்கும்னு யாருக்கும் தெரியாது. எந்த மெஷினிலும் எது சிக்கினாலும், முதலில் நிறுத்து, அப்புறம் கையை வை.

பட்டணத்தில் இருக்கிற உங்களுக்கும் இது தூரத்துக் கதை இல்லை. உங்க ஃபிளாட்டில் டைல்ஸ் வெட்ட, கதவு இழைக்க ஒரு பையன் மெஷினோடு வருவான். அவன் கூலி நாள் கணக்கு. விரல் போனா அவனுக்கு நஷ்டஈடு தர முதலாளி யாருன்னே தெரியாது. "பாத்து வேல செய்யுப்பா"ன்னு சொல்லிட்டு உள்ளே போயிடாதீங்க. கிரைண்டரில் மூடி இருக்கான்னு பாருங்க. இல்லைன்னா மூடி உள்ள மெஷினைக் கொண்டுவரச் சொல்லுங்க, அந்த நாள் கூலியைக் குறைக்காதீங்க.