ஊவாத் தோட்டங்களும் நெஞ்சு நோயும்

ஊவாத் தேயிலையின் தனிமணத்துக்குக் காரணம் காற்று என்பர். ஆடி, ஆவணி மாதங்களில், மேற்குச் சரிவுகளில் மழையைப் பொழிந்துவிட்டு மலைமுகட்டைக் கடந்து வரும் வறண்ட காற்று கொழுந்தை வாட்டி அதற்கு அம்மணத்தை அளிக்கிறது. ஐப்பசி தொடங்கித் தை வரையிலோ நிலைமை வேறு. வடகீழ்ப் பருவக்காற்றின் மழை பசறை, லுணுகலை, மடுல்சீமை, நமுனுகுலைப் பகுதி மலைகளை நனைக்க, மூடுபனியும் குளிரும் குடியிருப்புகளுக்குள் புகுந்துவிடும். தோட்டக் குழந்தைகளின் இருமலும் முதியோரின் இழுப்பும் மிகும் காலம் அது. ஆயினும் இந்நோய்களை வானிலையின் கணக்கிலே எழுதிவிடுவது வரலாற்றுக்குப் பொருந்தாது. குளிர் இயற்கை தந்தது; அக்குளிரை மனிதர் எத்தகைய கூரையின் கீழ், எத்தகைய மருத்துவ உதவியுடன் எதிர்கொண்டனர் என்பது அரசும் முதலாளியும் தீர்மானித்த விடயமாகும்.

திருச்சிராப்பள்ளி, சேலம், புதுக்கோட்டை முதலிய வெப்பச் சமவெளிகளிலிருந்து வந்தோர், மூவாயிரம் முதல் ஐயாயிரம் அடி உயரத்திலிருந்த மலைகளில் முதலிற் கோப்பிக்காகவும் பின்னர்த் தேயிலைக்காகவும் குடியமர்த்தப்பட்டனர். பதுளைக்குப் புகையிரதம் வந்தது 1924இலேயே. அதற்கு முன் வந்தவர்களுள் மிகப் பலர் நெடுந்தூரம் நடந்தே ஊவாவை அடைந்தனர். குளிருக்குத் தோட்டம் அவர்களுக்கு வழங்கியது ஒரு கம்பளி. பகலில் மழையங்கியாகவும் இரவில் போர்வையாகவும் பயன்பட்ட அதன் விலையும் தொழிலாளியின் பற்றுக் கணக்கிலேயே ஏறியது. தோட்ட மக்களின் சுகாதார வரலாறு இவ்வாறு கடனாகத் தொடங்கியதென்று கூறின் அது மிகையாகாது.

குடியேறிய தொழிலாளரின் மருத்துவத் தேவைகள் குறித்த கட்டளைச்சட்டம் 1872இல் இயற்றப்பட்டது. பின்னர் பலமுறை திருத்தப்பட்டு 1912இல் அது புதிய வடிவம் பெற்றது. தோட்ட விளைபொருளின் ஏற்றுமதித் தீர்வையைக் கொண்டு மருத்துவச் செலவை ஈடுசெய்வதும், தமக்கென வைத்தியசாலையோ மருந்தகமோ நடத்தும் தோட்டங்களுக்குச் சலுகை அளிப்பதும் இவ்வேற்பாட்டின் அடிப்படை. அக்காலத்தை நோக்க இது முன்னேற்றமான சட்டமே. நாட்டுப்புறச் சிங்களக் கிராமங்கள் பலவற்றுக்கு அவ்வளவு உதவியும் அப்போது இருக்கவில்லை. ஆனால் அச்சட்டம் வேறொன்றையும் நிலைநாட்டிற்று. தோட்டத்து உடல் வேறு, நாட்டின் உடல் வேறு என்னும் பிரிவினையே அது. நோயுற்றவனைப் பற்றி அறிவிக்கும் கடமை துரைக்குரியது. மருத்துவரை அனுப்பும் கடமை அரசுக்குரியது. நோய் தோன்றிய அறையைத் திருத்தும் கடமை யாருக்குரியது என்பதில் மட்டும் தெளிவு பிறக்கவில்லை.

அந்த அறையை இங்கு சற்று நின்று நோக்குதல் வேண்டும். லயத்தின் ஒரு காம்பரா பொதுவாகப் பத்தடிக்குப் பன்னிரண்டடி அளவினது. முதுகோடு முதுகாகக் கட்டப்பட்ட இரட்டை லயங்களிலே பின்சுவர் மறுகுடும்பத்துக்கும் சுவராகையால், பின்புறம் யன்னல் வைக்க இடமில்லை. முன்கதவொன்றே வாயில், காற்றும் அவ்வழியே வர வேண்டும், புகையும் அவ்வழியே போக வேண்டும். அடுப்பு இஸ்தோப்பின் ஒரு மூலையில் அல்லது காம்பராவுக்குள்ளேயே எரியும். மழைக்காலத்தில் ஈர விறகு புகையும். குளிருக்கஞ்சிக் கதவு சாத்தப்படும். தாயின் அருகில் இருக்கும் கைக்குழந்தையே அப்புகையை மிகுதியாகச் சுவாசிக்கும். விறகுப் புகை குழந்தைகளுக்கு நியூமோனியாவையும், ஆண்டுக்கணக்கில் சமைத்த பெண்களுக்கு நாட்பட்ட சுவாச அடைப்பு நோயையும் உண்டாக்கவல்லது என்பது இன்று உலகெங்கும் ஒப்புக்கொள்ளப்பட்டது. ஒரே அறையில் ஆறேழு பேர் உறங்குமிடத்தில் ஒருவருக்குக் காசநோய் இருப்பின், அது மற்றவரைத் தொற்றுவதற்கு வேறு உதவி வேண்டுவதில்லை.

தோட்டங்களில் நோய்த்தடுப்பு முயற்சிகளே நடைபெறவில்லை என்று கூறுவதற்கில்லை. 1916இல் றொக்பெல்லர் நிறுவனத்தின் துணையுடன் கொழுக்கிப் புழு ஒழிப்பு இயக்கம் மாத்தளைத் தோட்டங்களிலேதான் தொடங்கப்பட்டது. புழுவால் இரத்தம் குன்றியவன் கொழுந்துக் கூடையையும் மண்வெட்டியையும் சுமக்க இயலாதவனாகிறான். எனவே அந்நோய் கணக்கேட்டிலே தெரிந்தது. நெஞ்சு நோயோ மெல்லக் கொல்வது. அதற்கு மாத்திரை மட்டும் போதாது, வீடும் வேண்டும். வீடு செலவு மிக்கது.

1926இல் களுத்துறையில் தொடங்கப்பட்ட சுகாதாரப் பிரிவு, ஒரு பிரதேசத்தின் மக்கள் அனைவரது நோய்த்தடுப்புக்கும் ஒரே அதிகாரியைப் பொறுப்பாக்கிற்று. ஆசியாவிலேயே முன்னோடியாகக் கருதப்பட்ட அம்முறை நாடெங்கும் பரவியபோதும், தோட்டங்கள் நெடுங்காலம் அதன் எல்லைக்கு வெளியிலேயே நின்றன. குடும்பநல மாதும் பொதுச் சுகாதாரப் பரிசோதகரும் கிராமத்து வீட்டுக்குச் சென்றனர். தோட்ட எல்லையில் அவர்களது பாதை முடிந்தது.

இந்நிலை ஏன் சுதந்திரத்தின் பின்னரும் நீடித்தது என்னும் வினாவுக்கு அரசியலிலேயே விடை காணல் வேண்டும். 1947ஆம் ஆண்டுத் தேர்தலில் இலங்கை இந்தியன் காங்கிரஸ் ஏழு ஆசனங்களை வென்றது. பதுளைத் தொகுதியிலிருந்து எஸ். எம். சுப்பையா பாராளுமன்றம் சென்றார். 1948, 1949ஆம் ஆண்டுகளின் பிரசாவுரிமைச் சட்டங்களைத் தொடர்ந்து, தோட்ட மக்களுள் மிகப் பெரும்பாலோர் வாக்குரிமையை இழந்தனர். 1952இல் அக்கட்சிக்கு ஓர் ஆசனமும் இல்லை. இலவச வைத்தியசாலைகள் தொகுதிதோறும் பெருகிய காலம் அது. தம் தொகுதிக்கு ஒரு வைத்தியசாலை வேண்டுமென்று கேட்கும் உறுப்பினர், வாக்கில்லாதவருக்காகக் கேட்பதற்குக் காரணமேது? இலங்கையின் சுகாதாரச் சாதனையை உலகம் பாராட்டும்போது இவ்விடைவெளி பெரிதும் பேசப்படுவதில்லை.

காசநோய்ச் சிகிச்சை அடியோடு மாறிய காலமும் அதுவே. 1956இல் சென்னையில் தொடங்கப்பட்ட ஆய்வொன்று, நோயாளரை இரு கூறாக்கி ஒரு சாராரைச் சானடோரியத்திலும் மறுசாராரை நெருக்கடி மிக்க ஏழைக் குடிசைகளிலேயும் வைத்து ஓராண்டு மருந்தளித்தது. வீட்டிலிருந்தோரும் ஏறத்தாழ அதேயளவு குணமடைந்தனர். அவர்களது குடும்பத்தினருக்கும் தொற்று மிகுந்துவிடவில்லை. 1959இல் வெளியான இம்முடிவு உலகின் காசநோய்க் கொள்கையையே மாற்றிற்று. மருந்து தவறாது கிடைத்தல், அதனைத் தவறாது உண்ணுதல், உண்டதை ஒருவர் கண்காணித்தல் என்பனவே முதன்மையானவை என்றாயிற்று. அதாவது, இது நிர்வாகத்தின் பொறுப்பாயிற்று. ஊவாவுக்கு இதைவிடப் பொருத்தமான பாடம் இல்லை. ஊவாவில் குறைவாயிருந்ததும் அதுவே.

1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தங்களால் தோட்டங்கள் அரசுடைமையாயின. தோட்டத்தின் முதலாளியும் சுகாதாரத்தின் பொறுப்பாளரும் ஒருவரே என்றான பின்பு பழைய பிரிவினை மறைந்திருக்க வேண்டும். மறையவில்லை. தோட்ட மருந்தகம் தோட்ட நிர்வாகத்தின் கீழும், அரச வைத்தியசாலை சுகாதார அமைச்சின் கீழுமாகத் தொடர்ந்தன. 1973, 1974ஆம் ஆண்டுகளின் உணவுப் பஞ்சத்தில் தோட்டங்களிலே சிசு மரணம் நாட்டின் சராசரியை விட மிக உயர்ந்து நின்றது. பசியால் மெலிந்த குழந்தைக்குச் சாதாரணச் சளியும் எமனாகும். 1987இன் அரசியலமைப்புத் திருத்தத்தின் பின் மாகாண சபை என்னும் மூன்றாவது அதிகாரம் சேர்ந்தது. 1992இல் நிர்வாகம் கம்பனிகளின் கைக்குச் சென்றது. பின்னர் தோட்ட வைத்தியசாலைகள் சில அரசால் ஏற்கப்பட்டன. ஏற்கப்படாத இடங்களில் தோட்ட மருந்தாளரே இன்றும் முதல் மருத்துவராயிருக்கிறார்.

ஒருங்கிணைப்பின்மைக்குச் சிறியதாயினும் தெளிவான சான்று அடுப்பு. 1980களில் பரவத் தொடங்கிய 'அனகி' மண்ணடுப்பு விறகை மிச்சப்படுத்தும் நோக்கில், காடழிவை எண்ணி உருவாக்கப்பட்டது. அந்நோக்கில் அது நல்லதே. ஆயின் புகைபோக்கி அதில் இல்லை. விறகைக் கணக்கிட்டவர் நுரையீரலைக் கணக்கிடவில்லை. நுரையீரலை அறிந்தவர் அடுப்புத் திட்டத்தில் இருக்கவில்லை. தொழிற்சாலையில் தேயிலை சலிக்கும்போது எழும் நுண்தூசியின் நிலையும் இதனின் வேறன்று. தேயிலைத் தூசியால் வரும் சுவாச நோய்களைப் பற்றி மருத்துவர் சி. ஜி. உரகொட 1970களிலும் 1980களிலும் மருத்துவ ஏடுகளில் எழுதினார். தொழிற்சாலைப் பாதுகாப்பு தொழில் திணைக்களத்தின் கடமை, நோய் சுகாதார அமைச்சின் கடமை. இரண்டும் ஒரே தொழிலாளியின் மார்பில் சந்தித்தன.

இந்திய உதவியுடன் மத்திய, ஊவா மாகாணங்களில் அமைக்கப்பட்ட ஏழு பேர்ச் காணியோடு கூடிய தனி வீடுகள், இரட்டை லயத்தின் பின்சுவரை ஒரு சில ஆயிரம் குடும்பங்களுக்கேனும் நீக்கியுள்ளன. லயங்களிலேயே தங்கியிருப்போர் இன்னும் மிகப் பலர். அவர்களுள் ஒருவருக்கு இரண்டு வாரம் இருமல் நிற்கவில்லையெனில் பதுளையிலுள்ள மார்பு நோய்ச் சிகிச்சை நிலையத்துக்குச் செல்ல வேண்டும். சளிப் பரிசோதனையும் ஆறு மாத மருந்தும் இலவசம். ஆனால் லுணுகலைக்கு அப்பாலுள்ள ஒரு மலையிலிருந்து பஸ்ஸில் சென்று திரும்ப ஒரு நாள் வேண்டும். அன்று செக்ரோலில் அவருக்குப் பேர் விழாது, அரைப்பேர்கூட விழாது. அந்த ஒரு நாட்சம்பளத்தை ஈடுசெய்யும் பொறுப்பு கம்பனிக்கா, மாகாணத்துக்கா, அமைச்சுக்கா என்பது 1872இன் கட்டளைச்சட்டம் விட்டுச்சென்ற அதே கேள்வியாகும்.