பொருத்தனைத் தவணை (யூத மரபு)

கடவுளுக்கு நேர்ந்துகொண்டதைக் காலம் கடத்தாமல் செலுத்த வேண்டும் என்னும் யூதச் சட்டம். எபிரேயத்தில் 'பல் தெயாகேர்' என்பர். உபாகமம் 23ஆம் அதிகாரம் இதற்கு அடிப்படை: நேராமல் இருந்தால் பாவமில்லை, நேர்ந்துவிட்டுத் தாமதித்தால் பாவம்.

எத்தனை நாள் போனால் தாமதம் என்று அங்கே சொல்லப்படவில்லை. அதை வரையறுத்தவர்கள் யூதச் சட்ட அறிஞர்களான ரபிகள். பஸ்கா, வாரங்களின் பண்டிகை, கூடாரப் பண்டிகை என ஆண்டுக்கு மூன்று முறை எருசலேம் ஆலயத்துக்குப் போவது அன்று கடமை. நேர்ந்த ஆடு மூன்று பண்டிகை கடந்தும் தொழுவத்தில் நின்றால் சட்டத்தை மீறியதாகும். எப்படியும் போகிற பயணத்திலேயே கடனைத் தீர்க்கச் சொன்னதில், ஏழைக் குடியானவன் மீதான கரிசனம் தெரிகிறது. ரபி ஷிமோன் இன்னும் இளகினார். பஸ்காவில் தொடங்கி வரிசையாக மூன்றும் கடக்க வேண்டும் என்றார். அவர் கணக்கில், பஸ்கா முடிந்ததும் நேர்ந்தவனுக்கு ஐந்து பண்டிகை வரை அவகாசம் உண்டு.

தர்மத்துக்கு மட்டும் இந்த அவகாசம் கிடையாது. பாபிலோனிய அறிஞர் ராவா காரணம் சொன்னார்: ஏழை எதிரிலேயே நிற்கிறான். சட்டத்தின் உயிர் இங்கேதான் இருக்கிறது. பலிபீடம் காத்திருக்கும், பசி காத்திருக்காது.

கி.பி. 70இல் ரோமர் எருசலேம் ஆலயத்தை அழித்ததும் பலிகள் நின்றன. தர்மப் பொருத்தனை நீடித்தது. 12ஆம் நூற்றாண்டில் மைமோனிடிசும், 16ஆம் நூற்றாண்டில் யோசேப்பு காரோவும் அதைத் தம் சட்டத் தொகுப்புகளில் சேர்த்தனர். வாக்குத் தவறிவிடுமோ என்ற அச்சத்தால், பக்தியுள்ள யூதர் இன்றும் எதையாவது செய்வதாகச் சொல்லும்போது 'பிலி நேதர்', அதாவது இது பொருத்தனை அல்ல, என்று சேர்த்துக்கொள்கிறார்கள்.

இந்தியாவில் கொங்கண் கரையின் பெனே இஸ்ரேல் யூதர் வேண்டுதல் பலித்ததும் 'மலிதா' படைக்கிறார்கள். அவலில் தேங்காயும் இனிப்பும் பிசைந்து, பழங்கள் சூழத் தட்டில் வைத்து, எலியா தீர்க்கதரிசியின் பெயரால் வேண்டிப் பகிர்ந்து உண்பார்கள். நேர்ந்து பெற்ற பிள்ளைக்கு ஆறேழு வயது வரை முடி வெட்டாமல் வளர்த்து, பின் மழித்து, அம்முடியின் எடைக்குப் பொன்னோ வெள்ளியோ தர்மம் செய்யும் வழக்கமும் அவர்களிடம் இருந்தது.

தமிழ்நாட்டின் ஊத்தங்கரைப் பக்கத்தாருக்கு இது அந்நியமாகத் தோன்றாது. திருப்பதிக்கு முடியிறக்க நேர்வதும், மஞ்சள் துணியில் காசு முடிந்து சாமி படத்தருகே வைப்பதும் இங்கே வழக்கம். குபேரனிடம் பட்ட கல்யாணக் கடனுக்கு வட்டி கட்டும் பெருமாள், பக்தனின் பாக்கியையும் வட்டியோடு வாங்குவார் என்பது நம்பிக்கை. எழுதிவைத்த தவணை எதுவும் இல்லை. புரட்டாசிக்குள் போய்வர வேண்டும் என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வதே கெடு.

ஒன்றில் மட்டும் இந்த ஊர் வழக்கம் யூதச் சட்டத்தைவிடக் கடுமையானது. தர்மத்துக்கென எடுத்துவைத்த நாணயத்தை, பொறுப்பாளர் கைக்குப் போகும்வரை, செலவழித்துவிட்டு வேறு நாணயம் வைக்க, ரபிகளின் சட்ட விவாதத் தொகுப்பான தல்மூது இடம் தருகிறது. மஞ்சள் துணியில் முடிந்த காசை, வீட்டில் எவ்வளவு முடை வந்தாலும், அவிழ்ப்பதில்லை.