பென்ஃபிகா: 'வெளிநாட்டுக்காரரே இல்லாத' அணி

போர்த்துக்கேயரோடு எங்கட பக்கத்துக்கு ஒரு பழைய கணக்கு இருக்கு. மடவளையிலிருந்து பஸ் ஏறி, கண்டியில் மாறி பேராதனைக் கம்பஸுக்குப் போகும் எங்களுக்கு மகாவலியின் மறுகரையில் இருக்கும் கன்னொறுவை தினமும் காணும் இடம். 1638 மார்ச் 28ஆம் திகதி இரண்டாம் இராஜசிங்கனின் படை அங்கேதான் போர்த்துக்கேயப் படையை அழித்தது. கறுவாவுக்கு வந்தவர்கள் கரையோரத்தைப் பிடித்தார்கள். கண்டியைக் கொளுத்தினார்கள், ஆனால் வைத்திருக்க முடியவில்லை. 1626இல் அவர்கள் தங்கள் பகுதிகளிலிருந்து விரட்டிய முஸ்லிம்களுக்கு இடம் கொடுத்தவரும் கண்டி மன்னர் செனரத்தான். இதெல்லாம் படித்துவிட்டு, பின்னேரம் ரொனால்டோ ஜெர்சியை மாட்டிக்கொண்டு கிரவுண்டுக்குப் போவோம். காலில் போடும் சப்பாத்து, காலையில் சாப்பிட்ட பாண், இரண்டு சொல்லுமே அவர்கள் விட்டுப் போனதுதான்.

அந்தக் கிரவுண்டில்தான் ஒரு நாள் வாக்குவாதம் வந்தது. ரொனால்டோ வளர்ந்த ஸ்போர்ட்டிங் பெரிதா, பென்ஃபிகா பெரிதா என்று. பென்ஃபிகா பக்கம் நின்றவன் ஒரே போடாகப் போட்டான்: "மச்சான், 1978 வரைக்கும் அவங்க ஒரு வெளிநாட்டுக்காரனையும் எடுக்கல்ல. சொந்த ஆக்கள வெச்சே ரெண்டு தரம் ஐரோப்பாவ வென்டாங்க." நாங்கள் வாயடைத்துப் போனோம். பிறகு தேடிப் பார்த்தால், அவன் சொன்னது சரிதான். ஆனால் அந்த 'சொந்த ஆக்கள்' யார் என்பதில்தான் கதையே இருக்கு.

கழகம் தொடங்கியது 1904 பெப்ரவரி 28இல், லிஸ்பனின் பெலெம் பகுதியில் ஒரு மருந்துக்கடையில் கூடியவர்களால். 1906இல் ஸ்போர்ட்டிங் வந்தது. அடுத்த வருஷமே பென்ஃபிகாவின் எட்டு வீரர்கள் அங்கே தாவினார்கள். நல்ல மைதான வசதி இருந்தால் யார்தான் போகமாட்டார்கள்? 1907 டிசம்பர் 1இல் இரண்டு அணிகளும் முதல் தடவை மோதின. ஸ்போர்ட்டிங் 2-1 என்று வென்றது. அந்தப் பகை இன்னும் ஆறவில்லை. 1993இல் பாவ்லோ சூசாவும் பஷேக்கோவும் பென்ஃபிகாவிலிருந்து அதே வழியில் போனார்கள். 1994 மே மாதம் ஸ்போர்ட்டிங்கின் சொந்த மைதானத்திலேயே பென்ஃபிகா 6-3 என்று அடித்தது. போகாமல் நின்ற ஜோவாவ் பின்டோ மட்டும் மூன்று கோல்!

இனி அந்த இரண்டு கிண்ணங்கள். 1961 மே 31, சுவிற்சர்லாந்தின் பேர்ன் நகரம், ஐரோப்பியக் கிண்ண இறுதி. பார்சிலோனாவை பென்ஃபிகா 3-2 என்று வென்றது. மூன்று கோல்களில் ஒன்று எதிரணி தனக்குத்தானே போட்டது. மற்ற இரண்டையும் போட்டவர்கள் ஜோசே ஆகுவாஸ், மாரியோ கொலுனா. ஆகுவாஸ் அங்கோலாவில் பிறந்தவர், கொலுனா மொசாம்பிக்கில். கோல்காப்பாளர் கோஸ்டா பெரெய்ராவும் மொசாம்பிக்கில் பிறந்தவர், சந்தானா அங்கோலாவில். பதினொரு பேரில் நாலு பேர் ஆபிரிக்காவில் பிறந்தவர்கள். எல்லாரும் ஒரே நிலையில் இருந்தவர்கள் இல்லை. ஆகுவாஸும் கோஸ்டா பெரெய்ராவும் அங்கே குடியேறிய வெள்ளைக் குடும்பத்துப் பிள்ளைகள், கொலுனாவின் தாய் ஆபிரிக்கர். ஆனாலும் கழகத்தின் ஏட்டில் நாலு பேரும் 'போர்த்துக்கேயர்'. ஏனென்றால் 1951இலேயே லிஸ்பன் அரசு அரசியலமைப்பைத் திருத்தி, குடியேற்ற நாடு என்ற சொல்லையே எடுத்துவிட்டு 'கடல்கடந்த மாகாணங்கள்' என்று பெயர் மாற்றியிருந்தது. பெயர்தான் மாறினது. அந்த மாகாணங்களின் கறுப்பின மக்களில் பெரும்பாலானவர்களைக் குடிமக்களாகவே கணக்கெடுக்காத சட்டம் 1961 செப்டெம்பர் வரை இருந்தது.

அந்த வருஷத்தைக் கொஞ்சம் நின்று பார்க்கணும். பெப்ரவரியில் அங்கோலாவில் விடுதலைப் போர் வெடிக்குது. மே மாதம் பென்ஃபிகா ஐரோப்பாவின் சம்பியன். டிசம்பரில் இந்தியப் படை நுழைந்து, 450 வருஷம் போர்த்துக்கல் வைத்திருந்த கோவா கைவிட்டுப் போகுது. பேரரசு பிய்ந்துகொண்டிருந்த நேரத்தில், அது ஒற்றுமையாக இருக்கிறது என்று காட்ட சலாசரின் ஆட்சிக்கு இந்த அணியை விட நல்ல விளம்பரம் கிடைத்திருக்காது.

இதற்குள் வந்து சேர்ந்தவர்தான் யூசேபியோ. 1942இல் இன்றைய மாபுட்டோவின் மஃபலாலா என்ற ஏழைப் பகுதியில் பிறந்தவர். எட்டு வயதில் வாப்பா மௌத். வெறுங்காலில் விளையாடி வளர்ந்தார். முதலில் பென்ஃபிகாவின் கிளைக் கழகத்தில் கேட்டுப் பார்த்தார், சேர்க்கவில்லை. அதனால் ஸ்போர்ட்டிங்கின் கிளையில் சேர்ந்தார். பென்ஃபிகாவின் பயிற்றுநர் பேலா குட்மன் லிஸ்பனில் ஒரு சலூனில் இருந்தபோது, பழைய பிரேசில் வீரர் ஒருவர் இந்தப் பையனைப் பற்றிச் சொன்னதாகக் கதை. 1960 டிசம்பரில் பென்ஃபிகா அவரை 'ரூத் மலோஸோ' என்ற பெண் பெயரில் லிஸ்பனுக்குக் கொண்டுவந்தது. ஸ்போர்ட்டிங் கண்ணில் படாமல் தெற்கே அல்கார்வில் ஒளித்துவைத்தார்கள். இந்த இழுபறியால் 1961 இறுதிப் போட்டியில் அவர் ஆடவில்லை.

1962 மே 2, அம்ஸ்டர்டாம். எதிரில் ரியல் மட்ரிட். புஷ்காஸ் மட்டும் மூன்று கோல் போட்டும் பென்ஃபிகா 5-3. ஐந்தில் நாலு, ஆபிரிக்காவில் பிறந்தவர்களின் கோல்: ஆகுவாஸ் ஒன்று, கொலுனா ஒன்று, இருபது வயது யூசேபியோ இரண்டு. அதில் ஒன்று பெனால்டி. அதை அடிக்கலாமா என்று கொலுனாவிடம் அனுமதி கேட்டுத்தான் அடித்தாராம். வீட்டிலிருந்து வரும்போதே, 'என் பிள்ளையைப் பார்த்துக்கொள்' என்று உம்மா கொலுனாவுக்குக் கடிதம் கொடுத்து அனுப்பியிருந்தார். கடைசி வரை 'சென்ஹோர் கொலுனா' என்றுதான் கூப்பிட்டார். நாங்கள் 'நானா' என்று சொல்வதை விட அது ஒரு படி மேல்.

1966 உலகக் கிண்ணத்தில் யூசேபியோ 9 கோல். வட கொரியா 3-0 என்று முன்னுக்கு நின்ற ஆட்டத்தில் தனியே நாலு போட்டு 5-3 ஆக்கினார். அணித்தலைவர் கொலுனா. இத்தாலியக் கழகங்கள் பணத்தோடு நின்றன. சலாசர் தன்னைப் போகவிடவில்லை என்று யூசேபியோவே பின்னாளில் சொல்லியிருக்கிறார். உலகின் மிகச் சிறந்த வீரர்களில் ஒருவர், ஆனால் தன் காலை எங்கே வைப்பது என்று தீர்மானிக்க உரிமை இல்லை. பென்ஃபிகாவுக்காக 440 ஆட்டம், 473 கோல். எங்களுக்கு இதில் பெருமையும் வருது, கோபமும் வருது. எது முதலில் வருது என்று கேட்டால் அன்றைய மூடைப் பொறுத்தது.

சம்பளத் தகராறில் குட்மன் 1962இல் விலகும்போது, நூறு வருஷத்துக்கு ஐரோப்பாவை வெல்லமாட்டீர்கள் என்று சாபம் போட்டதாகச் சொல்வார்கள். அதன்பின் எட்டு ஐரோப்பிய இறுதிப் போட்டிகளிலும் தோல்வி என்பது உண்மை. சாபத்தை நாங்கள் நம்பவில்லை. 1974இல் லிஸ்பனில் ஆட்சி கவிழ்ந்து, 1975இல் மொசாம்பிக்கும் அங்கோலாவும் விடுதலையாக, வீரர் வந்த ஊற்று மூடிக்கொண்டது. அதற்கு மூன்று வருஷம் கழித்துத்தான் வெளிநாட்டுக்காரரை எடுக்கலாம் என்று கழகம் முடிவு செய்தது. திகதிகளைப் பக்கத்தில் வைத்தாலே விளங்கும்.

இப்ப பென்ஃபிகா வேறு மாதிரி. ஜோவாவ் ஃபெலிக்ஸை 2019இல் 126 மில்லியன் யூரோவுக்கு விற்றது. ஆர்ஜென்டீனாவின் என்ஸோ ஃபெர்னாண்டஸை 2022இல் வாங்கி, அவர் உலகக் கிண்ணம் வென்ற சில வாரங்களில் செல்சிக்கு 121 மில்லியனுக்குக் கொடுத்தது. அவர் போயும் அந்தப் பருவத்தில் 38ஆவது லீக் பட்டம் கிடைத்தது. ஆளை எடுப்பது இன்னும் கடலுக்கு அப்பால்தான், ஆனால் இப்போது விலை உண்டு, ஒப்பந்தம் உண்டு, போகிறேன் என்று சொல்ல வாய் உண்டு.

கொலுனா விடுதலைக்குப் பிறகு மொசாம்பிக்குக்கே திரும்பி, அந்த நாட்டு உதைபந்தாட்டச் சங்கத்தின் தலைவரானார். யூசேபியோ லிஸ்பனில் தங்கினார். 2014 ஜனவரி 5இல் யூசேபியோ காலமானார். அடுத்த மாதமே கொலுனா மாபுட்டோவில். யூசேபியோவின் உடலை 2015இல் போர்த்துக்கலின் தேசிய நினைவாலயத்துக்கு மாற்றினார்கள். வாஸ்கோ ட காமாவின் பெயரிலும் அங்கே ஒரு வெற்றுக் கல்லறை இருக்கு.