முதல் டாப்ஸை நீங்களே தைக்கலாம்... மெஷினுக்கு முன்னாடி கத்திரியைப் பழகுங்க!

தீபாவளிக்கு பத்து நாள் இருக்கும்போது டெய்லர் கடையில் துணியோட போய் நின்னா, பெரும்பாலும் ஒரே பதில்தான்: "இனிமே ஆர்டர் எடுக்கிறதில்லைங்க." சரின்னு ரெடிமேட் கடைக்குப் போனா, தோள் சரியா இருக்கிற டாப்ஸ் இடுப்பில் பிடிக்கும், இடுப்பு சரியா இருக்கிறது தோளில் தொங்கும். "பேசாம நாமளே தைச்சா என்ன?" என்ற எண்ணம் அங்கேதான் வரும்.

அந்த எண்ணத்தில் மெஷின் வாங்கி, ரெண்டு தலையணை உறை தைச்சு, அப்புறம் நேரா ஜாக்கெட்டில் கைவைச்சு, நல்ல துணி பாழாகி, இனி வேண்டாம்னு விட்டவங்க நிறைய பேர். அந்த மெஷின் இன்னிக்கு மடிச்ச துணி வைக்கிற மேசையா மாறியிருக்கும். பெரும்பாலும் தப்பு மெஷின்லயும் இல்ல, அவங்க கையிலயும் இல்ல. ஆரம்பிச்ச வரிசையில்தான்.

தையலில் ஒரே ஒரு விதியை மனசுல வைங்க. தப்பா போட்ட தையலை எத்தனை தடவை வேணும்னாலும் பிரிக்கலாம். தப்பா வெட்டின துணியை ஒட்டவைக்க முடியாது. அதனால முதல் டாப்ஸுக்கான உழைப்பில் பாதிக்கு மேல மெஷினில் உட்கார்றதுக்கு முன்னாடியே முடிஞ்சிடணும்.

ரெடிமேட் ஏன் பொருந்த மாட்டேங்குது?

'என் உடம்புதான் சரியில்ல' என்று ட்ரையல் ரூமில் நொந்துக்கிறவங்களுக்கு ஒரு தகவல். இந்தியாவுக்கென்று பொதுவான ஆடை அளவு அட்டவணை ரொம்ப காலமா இல்லை. பல பிராண்டுகள் அமெரிக்க, பிரிட்டிஷ் அளவுகளைக் கொஞ்சம் மாத்தித்தான் எஸ், எம், எல் என்று போட்டுவந்தன. இதைச் சரிபண்ணத்தான் நிஃப்ட் நிறுவனம் 'இந்தியா சைஸ்' என்ற திட்டத்தில், 6 நகரங்களில் 25,000 பேருக்கு மேல 3டி ஸ்கேனரில் உடல் அளவு எடுக்கும் வேலையை எடுத்துக்கிட்டது.

எந்த அட்டவணையா இருந்தாலும் அது சராசரிதான். உங்க தோளும் உங்க இடுப்பும் சேர்ந்த அளவு உங்ககிட்ட மட்டும்தான் இருக்கு. சொந்தமா தைக்கிறதில் கிடைக்கிற பெரிய லாபம் தையல் கூலி மிச்சம் இல்லை, இதுதான்.

எந்தத் துணியில் ஆரம்பிக்கலாம்?

இந்த விஷயத்தில் திண்டுக்கல் பக்கம் இருக்கிறவங்க கொடுத்துவைச்சவங்க. மதுரை போற வழியில் இருக்கிற சின்னாளபட்டி, சுங்குடிச் சேலைக்குப் பேர்போன ஊர். பக்கத்திலேயே காந்திகிராமம், கதருக்குத் தெரிஞ்ச இடம். சுங்குடியும் கதரும் பருத்தி. புதுசா தைக்கிறவங்க கைக்குப் பருத்தியைவிட நல்ல துணி கிடையாது. மெஷினில் வழுக்காது, மடிச்ச இடத்தில் அயர்ன் பண்ணினா அப்படியே நிக்கும், பிரிச்சுத் தைச்சாலும் ஊசி ஓட்டை பெருசா தெரியாது.

ஜார்ஜெட், ஷிஃபான், சாட்டின் மூணும் இப்போதைக்கு வேண்டாம். கத்திரி வைக்கிறதுக்குள்ள நழுவிடும். டி-ஷர்ட் துணி மாதிரி இழுபடுறதும் வேண்டாம். அதுக்கு ஊசியே வேற.

முதல் முயற்சிக்குப் புதுத் துணிகூட தேவையில்லை. அம்மா கட்டி ஓரம் கட்டின பழைய காட்டன் சேலை ஒண்ணு போதும். ஒரு சேலை 5.5 மீட்டர். ஒரு டாப்ஸ் தைச்சு, அது சரியா வரலைன்னா இன்னொண்ணும் தைக்கலாம். நைந்துபோன பகுதியை மட்டும் தவிர்த்துடுங்க.

புதுத் துணி வாங்கினா வெட்டுறதுக்கு முன்னாடி ஒரு தடவை தனியா அலசிக் காயப்போட்டு அயர்ன் பண்ணிடுங்க. பருத்தி முதல் அலசலில் சுருங்கும். சுங்குடியில் சாயமும் கொஞ்சம் விடும். தைச்சு முடிச்சப்புறம் சுருங்கினா, பண்ணின அத்தனை வேலையும் வீண்.

இவ்வளவு இருந்தா போதும்

* துணிக்கு மட்டும் ஒரு பெரிய கத்திரி. அதில் பேப்பர் வெட்டக் கூடாது, முனை மழுங்கிடும்.
* இஞ்ச் டேப், அடி ஸ்கேல், மார்க் பண்ற சாக்.
* குண்டூசி ஒரு டப்பா.
* தையல் பிரிக்கிற ஊசி. சின்னப் பொருள்தான், ஆனா முதல் மாசம் அதிகம் கையில் இருக்கப்போறது இதுதான்.
* மெஷின் ஊசி: சாதா காட்டனுக்கு 14-ம் நம்பர், மெல்லிசான துணிக்கு 11, ஜீன்ஸ் மாதிரி கனமானதுக்கு 16.
* அயர்ன் பாக்ஸ். ஒவ்வொரு தையலையும் போட்டவுடனே அயர்ன் பண்ணினா வீட்டுத் தையல்கூட கடைத் தையல் மாதிரி தெரியும்.

மெஷின் எது?

நேர்த்தையல் மட்டும் போடுற கால்மிதி மெஷினே தாராளம். வீட்டிலோ சொந்தத்திலோ சும்மா கிடக்கிற பழைய மெஷின் இருந்தா, மெக்கானிக்கைக் கூப்பிட்டு சுத்தம் பண்ணி, பெல்ட் மாத்தி எடுத்துக்கோங்க. எலெக்ட்ரிக் மெஷினில் ஜிக்ஜாக், காஜா எல்லாம் வரும். ஆனா புதுசுல வேகத்தைக் கட்டுப்படுத்தக் கொஞ்சம் பழகணும். தையல் பிடிக்குதான்னு தெரியாமலே விலை கூடின மெஷினில் பணத்தைப் போட வேண்டாம்.

முதல் ரெண்டு மூணு நாள் நூல் கோக்காம, கோடு போட்ட நோட்டுப் பேப்பரில் ஓட்டிப் பழகுங்க. கோட்டு மேலேயே ஊசி ஓட்டை விழணும். அது கைவந்ததும் வளைவு, அப்புறம் வட்டம். கால்மிதி மெஷினில் சக்கரம் எப்பவும் உங்களைப் பார்த்துதான் சுத்தணும். பின்பக்கமா சுத்தினா நூல் அறும். காலும் கையும் ஒத்துப்போக ஒரு வாரம் ஆகும்.

அளவு: நல்ல டாப்ஸ் ஒண்ணை எடுங்க

டெய்லர்கள் "அளவுத் துணி கொண்டாங்க"ன்னு கேட்கிறது சும்மா இல்லை. உங்ககிட்ட நல்லாப் பொருந்துற காட்டன் டாப்ஸ் ஒண்ணு இருக்குமே, அதுதான் உங்க முதல் வாத்தியார். அதை மடிச்சு பழைய நியூஸ் பேப்பர் மேல வைச்சு, தோள், கைக்குழி, இடுப்பு, கீழ்விரிவுன்னு வரைஞ்சுக்கோங்க. இழுபடுற துணியில் தைச்ச டாப்ஸை மட்டும் அளவுக்கு வைக்காதீங்க.

வரைஞ்சது சரியான்னு பார்க்க ஒரு சின்னக் கணக்கு. உங்க மார்புச் சுற்றளவு 36 இஞ்ச்னு வைச்சுக்குவோம். மூச்சு விட, கை தூக்க 4 இஞ்ச் லூஸ் சேர்த்தா 40. துணியை நாலு மடிப்பா போட்டு வெட்டுறதால 4-ஆல் வகுத்தா 10. பக்கத் தையலுக்கு 1 இஞ்ச் சேர்த்தா 11. பேப்பரில் மார்பு அகலம் 11 இஞ்ச் இருக்கணும். இடுப்புக்கும் இதே கணக்கு: 40 இஞ்ச்னா, லூஸோட 44, நாலில் ஒரு பங்கு 11, தையலோட 12.

உயரம் 40 இஞ்ச் வேணும்னா தோள் தையலுக்கு அரை இஞ்ச், கீழ் மடிப்புக்கு 1 இஞ்ச் சேர்த்து 41.5. முன்பக்கம், பின்பக்கம் ரெண்டுக்கும் 83 இஞ்ச், அதாவது ஏறக்குறைய 2.1 மீட்டர். 44 இஞ்ச் பன்னா உள்ள துணியில், கீழ்விரிவு 26 இஞ்ச்னாலும் பக்கத்தில் 18 இஞ்ச் மிஞ்சும். அதில் கை வெட்டிக்கலாம். சுருக்கத்துக்கும் சேர்த்து 2.5 மீட்டர் வாங்கினா போதும்.

வெட்டும்போது அவசரம் வேண்டாம்

துணியை உயரவாக்கில் ரெண்டா வெட்டி, ஒண்ணு மேல ஒண்ணு வைச்சு, நீளவாக்கில் மடிங்க. இப்போ நாலு மடிப்பு. மடிப்பு பக்கம் டாப்ஸோட நடு. அங்கே தையல் வராது, அதனால தையலுக்குத் துணி விடவும் வேண்டாம். துணியின் கரை நேரா இருக்கான்னு பாருங்க. நூல் ஓட்டம் சாஞ்சிருந்தா, துவைச்சதும் டாப்ஸ் ஒரு பக்கமா முறுக்கிக்கும்.

பேப்பரை மேல வைச்சு குண்டூசி குத்தி, சாக்கில் வரைஞ்சு, எல்லா அளவையும் இன்னொரு தடவை டேப் வைச்சுப் பார்த்தபிறகு வெட்டுங்க. கழுத்தை மட்டும் முதலில் பின்பக்க இறக்கத்துக்கே வெட்டுங்க. முன்கழுத்தை அப்புறமா தனியா எடுத்து இறக்கிக்கலாம். கழுத்து எப்பவுமே நினைச்சதைவிடப் பெருசாதான் வரும், அதனால சின்னதா ஆரம்பிங்க.

தைக்கிற வரிசை

1. ரெண்டு தோளையும் சேருங்க.
2. கழுத்துக்கு கிராஸ் பீஸ் வைங்க. துணியைக் குறுக்குச் சாய்வா, ஒண்ணேகால் இஞ்ச் அகலத்தில் வெட்டின பட்டைதான் கிராஸ் பீஸ். சாய்வா வெட்டினதால வளைவுக்கு வளைஞ்சு கொடுக்கும்.
3. பக்கத்தை மூடாம, துணி விரிஞ்சிருக்கும்போதே கையை வைச்சுத் தைங்க. புதுசா தைக்கிறவங்களுக்கு இது ரொம்பச் சுலபம்.
4. கை ஓரத்தில் ஆரம்பிச்சு, அக்குள் வழியா, கீழ் வரைக்கும் ஒரே ஓட்டமா பக்கத் தையல். ஒரு தடவை போட்டுப் பாருங்க. பிடிச்சா பிரிச்சு வெளியே தள்ளுங்க, லூஸா இருந்தா உள்ளே இழுங்க. பக்கத்தில் விட்ட 1 இஞ்ச் இதுக்குத்தான்.
5. கடைசியா கைமடிப்பும் கீழ் மடிப்பும்.

பக்கத்தில் ஸ்லிட் இல்லாத ஏ-லைன் மாடலே முதலில் போதும். ஸ்லிட், ஜிப், காலர் எல்லாம் மூணாவது டாப்ஸுக்கு அப்புறம். பசங்களுக்கும் இதே முறையில் காலர் இல்லாத குர்தா தைக்கலாம். லூஸ் மட்டும் கொஞ்சம் கூடுதலா விடுங்க. அளவெடுத்த ஜாக்கெட், டாட், லைனிங், ஹூக் எல்லாத்தையும் கேட்கிற உடை. அதைக் கடைசிக்கு வைங்க.

மெஷின் மக்கர் பண்ணினா...

* *அடியில் நூல் கூடு கட்டுது:* பாபினைத் திட்டாதீங்க. பெரும்பாலும் மேல்நூல் சரியா கோக்கலை. முழுசா எடுத்துட்டு, மறுபடி முதலிலிருந்து கோங்க.
* *அடிநூல் மேல தெரியுது:* மேல்நூல் இறுக்கம் அதிகம். டென்ஷன் திருகைக் கொஞ்சம் தளர்த்துங்க.
* *தையல் விட்டு விட்டு விழுது:* ஊசி வளைஞ்சிருக்கும், இல்ல முனை போயிருக்கும். மாத்துங்க. தட்டையான பக்கம் எந்தப் பக்கம் பார்த்து இருந்ததுன்னு பழைய ஊசியைக் கழற்றும்போதே கவனிச்சு வைங்க. இது மெஷினுக்கு மெஷின் மாறும்.
* *மெஷின் கனமா ஓடுது:* எண்ணெய் விடுங்க, ஆனா தேங்காய் எண்ணெய் வேண்டவே வேண்டாம். அது உள்ளே போய்ப் பிசின் மாதிரி இறுகிடும். தையல் மெஷின் எண்ணெய் மட்டும், ஒவ்வொரு துளையிலும் ஒரு சொட்டு. அப்புறம் பழைய துணியில் கொஞ்சம் ஓட்டி எடுங்க.

காந்தி விதிவிலக்கு கொடுத்த மெஷின்

1924-ல், சாந்திநிகேதனில் படிச்ச ஜி.ராமச்சந்திரன் என்ற இளைஞர் காந்தியைச் சந்திச்சு, "நீங்க எல்லா இயந்திரங்களுக்கும் எதிரியா?" என்ற கேள்வியை வைச்சார். இல்லைன்னு சொன்ன காந்தி, உதாரணமா காட்டினது சிங்கர் தையல் மெஷினை. மனைவி கையால் தைச்சுக் கஷ்டப்படுறதைப் பார்த்து அன்பில் உருவாக்கினதுன்னு அவர் அதைப் பாராட்டினார். ஆளை வேலையைவிட்டு அனுப்புற இயந்திரம் வேற, ஆளோட கஷ்டத்தைக் குறைக்கிற இயந்திரம் வேற என்பது அவர் வாதம். அதே ராமச்சந்திரன்தான் பிறகு, தன் மனைவி டாக்டர் சௌந்தரத்தோட சேர்ந்து 1947-ல் காந்திகிராமத்தைத் தொடங்கினார். அடுத்த தடவை அங்கே கதர் வாங்கும்போது இதை நினைச்சுக்கலாம்!

எங்கே கத்துக்கலாம்?

யூடியூபில் தமிழ்த் தையல் வீடியோக்கள் கொட்டிக்கிடக்கு. ஆனா ஒரே ஆளோட ஒரே முறையை முதல் மூணு டாப்ஸ் வரைக்கும் பிடிச்சுக்கோங்க. ஒவ்வொருத்தர் கணக்கும் வேற. கலந்தா குழப்பம்தான் மிஞ்சும். தெருவில் தையல் சொல்லித்தர்ற அக்கா இருந்தா, ஒரு மாசம் அவங்ககிட்ட போறது இன்னும் நல்லது. துணியை எப்படிப் பிடிக்கணும்னு வீடியோ உங்க கையைத் திருத்தாது.

இதையே தொழிலா எடுக்க நினைச்சா, வங்கிகள் நடத்துற ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிலையங்களில் கட்டணமில்லாத தையல் பயிற்சி உண்டு. ஐ.டி.ஐ-யில் தையல் தொழில்நுட்பம் ஓராண்டுப் படிப்பா இருக்கு. கணவரை இழந்தவங்க, கைவிடப்பட்டவங்க போன்றோருக்கு சத்தியவாணிமுத்து அம்மையார் பெயரில் அரசின் இலவசத் தையல் மெஷின் திட்டமும் இருக்கு. விவரங்களை மாவட்ட சமூக நல அலுவலகத்தில் கேளுங்க.

முதல் டாப்ஸ் வெளியே போட்டுப்போற மாதிரி வரலைன்னாலும், வீட்டில் போட்டுக்கிட்டு ஒரு நாள் முழுக்க வேலை பாருங்க. கை தூக்கும்போது எங்கே இழுக்குது, உட்காரும்போது எங்கே பிடிக்குதுன்னு பார்த்து, அந்த நியூஸ் பேப்பரிலேயே பேனாவால் குறிச்சு வைங்க. ரெண்டாவது டாப்ஸுக்கு அந்தப் பேப்பரைத் திருத்தி வெட்டுங்க. மூணாவதுக்குள்ள உங்க உடம்புக்கான அளவு உங்க கையில் இருக்கும். அப்புறம் தீபாவளிக்கு டெய்லர் கடை வாசலில் நிக்க வேண்டியதில்லை.