திசு வளர்ப்பு வாழை

வாழைக்கன்றின் குருத்து நுனியை ஆய்வகச் சத்துக்கூழில் பெருக்கி எடுக்கும் நாற்று. உழவர் பேச்சில் ‘திசு வாழை’. பெரும்பாலும் கிராண்ட் நைன் ரகமே இவ்வாறு வருவதால், பல ஊர்களில் ‘ஜி-9’ என்றாலே திசு வாழைதான்.

நாம் உண்ணும் வாழைக்கு முளைக்கும் விதை கிடையாது. பக்கக்கன்றைப் பெயர்த்து நடுவதே பழைய வழி. ஒரு தாய்மரம் தருவதோ சில கன்றுகள். அவற்றோடு நூற்புழு, கிழங்குக் கூன்வண்டு, வாடல் நோய்ப் பூசணம் எல்லாம் புதுத் தோட்டத்துக்குக் குடியேறிவிடும். கன்றுகளின் வயது வேறுபடுவதால் தாரும் ஒருசேர வெட்டுக்கு வராது.

ஆய்வகத்துக்கு உகந்தது ஈட்டி இலைக் கன்று. மட்டைகளை உரித்து, குருத்து நுனியைச் சிறு கட்டியாக வெட்டி, குளோரின் கரைசலில் கிருமி நீக்கிப் புட்டியில் இடுவார்கள். வெட்டிய முகம் விரைவில் கறுத்துவிடும். வாழைப்பூ ஆய்ந்தால் விரல் கறுக்குமே, கிட்டத்தட்ட அதே சங்கதி. ஆனால் இங்கே கூழும் கறுத்துத் திசு செத்துப்போகலாம். அதனால் அடிக்கடி புதுக் கூழுக்கு மாற்றுவதுண்டு. இந்தக் கூழ், தோஷியோ முராஷிகேயும் ஃபோல்கே ஸ்கூகும் 1962-இல் புகையிலைத் திசுவுக்காக வகுத்த உப்புக் கலவையைத் தழுவியது. அதில் சர்க்கரையும் அகாரும் சேரும். சைட்டோகைனின் ஊக்கியைக் கலந்தால் ஒரு நுனியிலிருந்து பல குருத்துகள் கிளைக்கும். மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை அவற்றைப் பிரித்து வைத்தால் எண்ணிக்கை பெருகிக்கொண்டே போகும். கடைசியாக ஆக்சின் ஊக்கி வேர்விட வைக்கும்.

புட்டிச் செடி பார்க்கப் பச்சைப்பசேல் என்றிருந்தாலும் சவலைப் பிள்ளைதான். இலையில் மெழுகுப்பூச்சு குறைவு, இலைத்துளைகளும் சரியாக மூடாது. வெளிக்காற்று பட்டால் வதங்கிவிடும். வேரில் ஒட்டிய கூழைக் கழுவி, ஈரப்பதம் மிகுந்த கூடத்திலும் பிறகு நிழல்வலையிலும் வைத்துப் பழக்கியே தோட்டத்துக்கு அனுப்ப வேண்டும். இதைக் கடினப்படுத்துதல் என்பர்.

திசு நாற்று என்றாலே நோயற்றது என்ற நம்பிக்கை பரவலாக உண்டு. அது பாதி உண்மை. புழுவும் பூசணமும் ஆய்வகத்தில் நீங்கும். தாய்மரத்தில் இருந்த வைரஸ் நீங்காது, நாற்றோடு சேர்ந்து பெருகும். அசுவினி பரப்பும் முடிக்கொத்து நோய் இவ்வாறு ஒரே தவணையில் ஆயிரக்கணக்கான கன்றுகளுக்குப் போகக்கூடும். எனவே தாய்மரத்தைச் சோதித்த பிறகே நுனி எடுக்க வேண்டும். இந்தியாவில் 2006 முதல் உயிரித் தொழில்நுட்பத் துறையின் சான்றளிப்பு முறை நடப்பில் உள்ளது. அதே முடிக்கொத்து நோயால் கீழ்ப்பழனி மலையில் நலிந்த விருப்பாட்சி வாழையை மீட்க, வைரஸ் சோதித்த திசு நாற்றுகளே கைகொடுத்தன.

பிரிப்புச் சுற்றுகள் மிகுந்தால் மரபு பிசகிய கன்றுகளும் தோன்றும்; குட்டை மரங்களே இவற்றில் அதிகம். வாங்கியவருக்கு இது நட்டம். தைவான் ஆய்வாளர்களோ பிசகிய கன்றுகளை வாடல் நோய் தாக்கிய மண்ணில் நட்டு, தாக்குப்பிடித்தவற்றைப் பொறுக்கினர். ‘ஃபார்மோசானா’ ரகம் அப்படி வந்தது.