மன்னாரின் உதைபந்தாட்ட மைதானங்களும் கோட்டோரக் கூட்டமும்

மன்னார்த் தீவிலும் அதற்கு எதிரேயுள்ள பெருநிலக் கரையிலும் உதைபந்தாட்டம் நடைபெறும் இடங்களில் பெரும்பாலானவை பாடசாலைக்கோ, கத்தோலிக்கப் பங்குக்கோ, நகர சபை அல்லது பிரதேச சபைக்கோ உரிய திறந்த வெளிகள். அடுக்கடுக்காக இருக்கை எழுப்பிய அரங்கு இங்கே வழக்கமில்லை. பார்க்க வருபவர் பக்கக்கோட்டை ஒட்டி நிற்பார். இடம் கிடைத்தால் மதிலில் ஏறி உட்காருவார். பிந்தி வந்தால் சைக்கிளைச் சாய்த்துவிட்டு அதன் பின்னிருக்கையில் ஏறி நின்று எட்டிப் பார்ப்பார். மன்னாரில் ஆட்டம் பார்ப்பதைப் பற்றி எழுதும்போது கட்டடத்தைவிடக் கூட்டத்தைப் பற்றியே அதிகம் எழுத வேண்டியிருக்கிறது.

இதற்கு நேர்மாறாக, உலகில் கல்லூரி விளையாட்டுக்கென எழுப்பப்பட்ட மிகப் பெரிய அரங்குகள் அமெரிக்காவில் உள்ளன. அவற்றில் ஆடப்படுவது முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடும் வேறொரு ஆட்டம். 1927-இல் திறக்கப்பட்ட மிச்சிகன் பல்கலைக்கழக அரங்கின் கொள்ளளவு 107,601. 2012 குடிசன மதிப்பீட்டின்படி மன்னார் மாவட்டத்தின் மொத்தச் சனத்தொகையே ஓர் இலட்சத்துக்குச் சற்றுக் குறைவு. அன்றைய மாவட்டம் முழுவதும் ஒரே நாளில் அங்கே போய் உட்கார்ந்திருந்தாலும் சில வரிசைகள் மிஞ்சியிருக்கும். ஆயினும் தன் கல்லூரிச் சட்டையின் நிறத்துக்காகத் தொண்டை கட்டும்வரை கத்துவது இரு இடங்களுக்கும் பொது. இலங்கையில் கல்லூரி எனப்படுவது பெரும்பாலும் பாடசாலையே என்பதால், மன்னாரில் கல்லூரிக்காக ஆடுவோர் இருபது வயதுக்குட்பட்ட மாணவர்கள்.

நிலமும் காற்றும்

மன்னார்த் தீவு மணல் நிலம். பெருமழை ஐப்பசி முதல் மார்கழி வரை வடகீழ்ப் பருவக்காற்றோடு வருகிறது. மற்ற மாதங்களில் புல் கருகி, மைதானத்தின் நடுப்பகுதி வெறும் மணலாகிவிடும். பந்து துள்ள வேண்டிய இடத்தில் துள்ளாது. ஓடுபவரின் கால் புதையும். இங்கே வளர்ந்த பிள்ளைகள் தரையோடு உருட்டிக் கொடுப்பதைவிடப் பந்தை மிதக்கவிட்டு நெஞ்சில் வாங்கி ஆடப் பழகியிருந்தால் அதற்கு மணலும் ஒரு காரணமாக இருக்கலாம். மழைக்காலத்தில் நிலைமை தலைகீழ். பள்ளமான மைதானங்களில் நீர் தேங்கி, கோல் கம்பங்கள் மட்டும் வெளியே தெரியும்.

காற்றைத்தான் இங்கே பன்னிரண்டாவது ஆட்டக்காரர் என்று சொல்ல வேண்டும். வைகாசி தொடங்கிப் புரட்டாதி வரை தென்மேற்கிலிருந்து அடிக்கும் காற்றின் வேகத்தை நம்பித்தான் தீவின் தென்கரையில் முப்பது காற்றாலைகள் நிறுவப்பட்டன, 103.5 மெகாவாட் திறனுள்ள 'தம்பபவனி' மின்நிலையம் 2020 டிசம்பரில் இயங்கத் தொடங்கியது. அந்தக் காற்று மைதானத்தையும் விட்டுவைப்பதில்லை. நாணயச் சுழற்சியில் வென்ற தலைவர் முதற் பாதியில் காற்றோடு ஆடுவதா, இரண்டாம் பாதிக்கு அதை மிச்சம் வைப்பதா என்று யோசிப்பார். காற்றுக்கு எதிரே கோல் காப்பாளர் உதைக்கும் பந்து நடுக்கோட்டைத் தாண்டாமல் திரும்பி வருவதைக் கண்டு கூட்டம் சிரிக்கும். மூலை உதைகள் நேராகக் கோலுக்குள் வளைவதும் உண்டு. அதை அடித்தவர் வேண்டுமென்றே செய்ததாகத்தான் பிறகு சொல்லுவார்.

தீவில் கட்டாக்காலியாகத் திரியும் கழுதைகள் மன்னாருக்கே உரிய காட்சி. ஆட்டத்துக்கு முன் அவற்றை விரட்டிவிடுவதும் மைதானத்தைத் தயார்செய்யும் வேலையில் சேர்ந்தது. கோடுகள் சுண்ணாம்பு நீற்றால் இழுக்கப்படும். கரையோர ஊர்களில் கோல் கம்பத்தில் பழைய மீன்வலையைக் கட்டிவிடுவதும் உண்டு.

பாடசாலைப் போட்டிகள்

மாவட்டம் மன்னார், மடு என்ற இரு கல்வி வலயங்களாகப் பிரிக்கப்பட்டுள்ளது. பாடசாலை அணிகள் முதலில் வலயத்திலும், வென்றால் மாகாணத்திலும், அதிலும் வென்றால் அகில இலங்கைச் சுற்றிலும் ஆடுகின்றன. மன்னார் நகரின் புனித சவேரியார் ஆண்கள் கல்லூரி இவ்விளையாட்டில் நெடுங்காலமாகப் பேர்பெற்றது. 1544-இல் பிரான்சிஸ் சவேரியார் அனுப்பிய குருவால் மன்னாரில் திருமுழுக்குப் பெற்றவர்களை யாழ்ப்பாண அரசன் கொன்ற நிகழ்வு இன்றும் மறைசாட்சிகளின் நினைவாகக் கொண்டாடப்படுகிறது. கல்லூரி அந்தச் சவேரியாரின் பெயரையே தாங்குகிறது. பேசாலை புனித பாத்திமா மத்திய மகா வித்தியாலயம், வங்காலை புனித ஆனாள் மத்திய மகா வித்தியாலயம், எருக்கலம்பிட்டி மத்திய கல்லூரி ஆகியன மாவட்டத்தின் மற்றப் பெரிய பாடசாலைகளுள் சில.

மாகாண மட்டத்தில் எதிரில் நிற்பவை யாழ்ப்பாணம் புனித பத்திரிசியார் கல்லூரி, இளவாலை புனித ஹென்றியரசர் கல்லூரி, தெல்லிப்பழை மகாஜனாக் கல்லூரி போன்றவை. யாழ்ப்பாணத்தில் பாடசாலைக் கூட்டத்தை ஆண்டுதோறும் திரட்டுவது கிரிக்கெட். 1904 முதல் மத்திய கல்லூரியும் பரியோவான் கல்லூரியும் மோதிவரும் 'வடக்கின் பெரும் போர்' அதற்கு உதாரணம். மன்னாரில் அந்த இடத்தை உதைபந்தாட்டம் பிடித்துக்கொண்டது. ஒரு பந்தும் நாலு கல்லும் இருந்தால் போதும் என்பது ஒரு காரணம். கடலுக்குப் போய்வந்த இளைஞனுக்குப் பின்னேரம் மட்டுமே கையில் மிஞ்சுகிறது, கிரிக்கெட்டுக்கு ஒரு நாள் முழுவதும் வேண்டும் என்பது இன்னொன்று. இரண்டாவது காரணமே வலுவானதாகத் தோன்றுகிறது.

பங்கும் கழகமும்

பாடசாலையை விட்டு வெளியேறிய இளைஞரை ஏந்திக்கொள்வது ஊர்க் கழகம். கரையோரக் கத்தோலிக்க ஊர்களில் கழகத்தின் பெயரே ஒரு புனிதரைச் சொல்லும். பள்ளிமுனையின் புனித லூசியா, வங்காலையின் புனித யோசேப்பு ஆகிய பெயர்கள் கழக அணிகளின் பெயர்களாகவும் வழங்குகின்றன. பேச்சில் அவை 'சென் லூசியா', 'சென் ஜோசப்' ஆகிவிடும். கழகங்கள் மன்னார் உதைபந்தாட்ட லீக்கில் பதிவாகி, அதன் வழியே தேசியச் சம்மேளனத்தோடு இணைகின்றன. லீக் நடத்தும் போட்டிகளுக்கு அப்பால், மறைந்த ஒருவரின் நினைவாகவோ ஊர்த் திருவிழாவை ஒட்டியோ கழகங்களே கிண்ணம் வைத்து நடத்தும் சுற்றுப்போட்டிகள்தான் அதிகம். பதினொரு பேர், ஒன்பது பேர், ஏழு பேர் கொண்ட ஆட்டங்கள் உண்டு. பணம் சேர்ந்தால் மின்னொளியில் இரவாட்டமும் உண்டு.

போட்டிகளின் நாட்காட்டி தேவாலயத்தைப் பார்த்தே அமைகிறது. தவக்காலத்தில் ஆரவாரத்தைக் குறைத்துக்கொள்வார்கள். ஜூலை 2-ஆம் திகதித் திருவிழாவுக்கும் ஆகஸ்ட் 15-ஆம் திகதிப் பெருவிழாவுக்கும் மடு மாதா தேவாலயத்துக்குப் போகும் நாட்களில் இறுதியாட்டம் வைத்தால் மைதானம் வெறிச்சோடும். இந்து, முஸ்லிம் ஊர்களிலும் கழகங்கள் உள்ளன. நோன்பு மாதத்தில் முஸ்லிம் ஊர் அணியைப் பகலாட்டத்துக்கு அழைப்பதில்லை என்பது எழுதப்படாத ஒழுங்கு.

ஊரோடு ஊர் என்பதால்தான் இந்த ஆட்டங்களுக்கு இவ்வளவு கூட்டம். அதே காரணத்தால்தான் சண்டையும் வருகிறது. நடுவர் ஒருவர் தண்ட உதை கொடுத்துவிட்டால், ஒரு பக்கம் அதை நியாயம் என்றும் மறுபக்கம் அதை விலைக்கு வாங்கியது என்றும் பேசும். நடுவர் எந்த ஊர் என்ற விசாரணை அந்த இடத்திலேயே தொடங்கும். பங்குத்தந்தை எழுந்து இரு பக்கமும் கையை உயர்த்தினால் பெரும்பாலும் அடங்கும். ஒலிபெருக்கியில் அறிவிப்பாளர், "அன்பான ரசிகர்களே, கோட்டுக்கு வெளியே நில்லுங்கள்" என்று ஆட்டம் முடியும்வரை கெஞ்சிக்கொண்டே இருப்பார். யாரும் நிற்பதில்லை.

ஆட்ட நாள்

வெயில் தாழ்ந்தபின், பெரும்பாலும் மூன்றரை மணிக்குமேல், ஆட்டம் தொடங்கும். வெளியூர் ஆதரவாளர் பஸ்ஸிலும் ஓட்டோவிலும் மோட்டார் சைக்கிளிலும் வருவர். நானாட்டான், முருங்கன் பக்கத்து வயலூர்களிலிருந்து உழவு இயந்திரப் பெட்டியில் நெருக்கி ஏறி வருவதும் உண்டு. வாசலில் கச்சானும் கடலையும் வடையும், ஐஸ்பழப் பெட்டி கட்டிய சைக்கிளும் நிற்கும். பிரதம விருந்தினர் வரும்வரை ஆட்டம் தொடங்காது. அவர் வந்து இரு அணிகளுக்கும் கைகொடுத்து, படம் எடுத்து முடிவதற்குள் வெளிச்சத்தில் கால்மணி நேரம் போய்விடும். மன்னாரில் ஆறு, ஆறரைக்குள் இருட்டிவிடுவதால் இந்தக் கால்மணி நேரம் சில இறுதியாட்டங்களைத் தண்ட உதைக்குத் தள்ளியிருக்கிறது.

பாடசாலை ஆட்டமென்றால் மாணவர் ஒரு மூலையில் குவிந்து, மேளம் இருந்தால் மேளம், இல்லாவிட்டால் தகர டின் தட்டிப் பாடுவர். பாடல்கள் 'பப்பரே' எனும் துள்ளல் வாத்திய இசையின் மெட்டில் இருக்கும். வரிகள் எதிரணியின் கோல் காப்பாளரைப் பற்றியவை. பழைய மாணவர் வேறிடத்தில் நிற்பார்கள், அவர்கள் பாடுவதில்லை, பயிற்றுவிப்பாளருக்குக் கேட்கும்படி ஆலோசனை சொல்வார்கள். "தம்பி, பந்தை வச்சுக்கொண்டு என்னடா பாக்கிறாய், குடு!" என்பது எல்லா மைதானத்திலும் கேட்கும் வசனம். இடைவேளையில் தோடம்பழத் துண்டுகளும் குளுக்கோஸ் கரைத்த தண்ணீரும் வரும். அப்போது கூட்டம் மைதானத்துக்குள் நடந்துபோய் ஆட்டக்காரரைச் சுற்றி நிற்கும். வேலியிட்ட அரங்கில் கிடைக்காத சலுகை இது. வியர்வை வழிய உட்கார்ந்திருக்கும் பையனிடம் அவன் மாமனே வந்து இடது பக்கம் விட்ட பிழையைச் சொல்லிவிட்டுப் போவார்.

போர்க்காலம்

1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டபின் தலைமன்னார்ப் புகையிரதப் பாதை நின்றுபோனது. தீவையும் பெருநிலத்தையும் இணைத்த பாலம் தகர்க்கப்பட்டது. தீவிலிருந்து பலர் படகேறித் தமிழகம் சென்று மண்டபம் முகாமில் தங்கினர். அதே ஆண்டு ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வட மாகாண முஸ்லிம்களை வெளியேற்றியபோது எருக்கலம்பிட்டி போன்ற ஊர்கள் ஒட்டுமொத்தமாக வெறுமையாயின. இடம்பெயர்ந்தோரில் பெரும்பகுதியினர் புத்தளத்தில் குடியேறினர். அங்கே நாகவில்லில் எழுந்த பாடசாலை எருக்கலம்பிட்டியின் பெயரையே சுமந்தது. புத்தளமும் உதைபந்தாட்டத்துக்குப் பேர்போன ஊர் என்பதால், அகதிப் பிள்ளைகள் போன இடத்திலும் இந்த ஆட்டத்தைத் தவறவிடவில்லை.

தீவு இராணுவத்திடமும் பெருநிலத்தின் பல பகுதிகள் புலிகளிடமும் இருந்த ஆண்டுகளில், பெருநிலத்திலுள்ள விடத்தல்தீவின் அணி மன்னார்த் தீவுக்கு வந்து ஆடுவதென்றால் அது விளையாட்டு விடயமாக மட்டும் இருக்கவில்லை. 2008-இல் மாவட்டம் முழுவதும் அரச கட்டுப்பாட்டுக்குள் வந்தது. புதிய பாலம் 2010 மார்ச்சில் திறக்கப்பட்டது. 2011 ஜனவரியில் சங்குப்பிட்டிப் பாலமும் திறக்கப்பட, மன்னாரிலிருந்து பூநகரி வழியாக யாழ்ப்பாணம் போவது எளிதானது. அதற்கு முன் வவுனியா சுற்றியே போக வேண்டியிருந்தது. தலைமன்னாருக்கு ரயில் 2015 மார்ச்சில் திரும்பியது. மாகாணச் சுற்றுக்கு அணியோடு ஆதரவாளரும் ஒரே நாளில் போய்த் திரும்பும் வழக்கம் இந்தப் பாலங்களோடு சேர்ந்து வளர்ந்தது.

மன்னாரின் ஆட்டக்காரர் தேசிய அணிவரை போயிருக்கிறார்கள். அவர்களில் நன்கறியப்பட்டவர் பனங்கட்டுகொட்டைச் சேர்ந்த பின்கள வீரர் டக்சன் பியூஸ்லஸ். இலங்கை அணிக்கு ஆடிய அவர் மாலைதீவின் வலன்சியா கழகத்துக்கு ஆடிவந்த காலத்தில், 2022 பெப்ரவரியில் அங்கே இறந்தார். 2018-இல் நடந்த வடக்கு கிழக்கு பிரீமியர் லீக்கில் மன்னார் எப்.சி. என்ற பெயரில் ஓர் அணியும் ஆடியது.

அரங்கு

வட மாகாணத்தில் அரங்கு எனச் சொல்லத்தக்கது யாழ்ப்பாணத்தின் துரையப்பா விளையாட்டரங்கு. 1975-இல் கொல்லப்பட்ட நகர முதல்வர் அல்பிரட் துரையப்பாவின் பெயரைக் கொண்ட அது, இந்திய நிதியில் புதுப்பிக்கப்பட்டு 2016 ஜூன் 18 அன்று திறக்கப்பட்டது. மன்னார் அணியினர் கூரையிட்ட இருக்கையைப் பெரும்பாலும் அங்கே போய்த்தான் காண்கிறார்கள். மன்னார் நகர சபை மைதானம் ஆட்டத்துக்கும் அரச விழாவுக்கும் பொதுக்கூட்டத்துக்கும் பொதுவானது. ஒரு மேடைக்காகத் தோண்டிய குழிகள் அடுத்த ஆட்டக்காரரின் கணுக்காலுக்கு ஆபத்து. மாவட்டத்துக்கென ஒரு விளையாட்டுத் தொகுதி நானாட்டான் பக்கம் நறுவிலிக்குளத்தில் தொடங்கப்பட்டு, கட்டுமானம் ஆண்டுக்கணக்கில் இழுபட்டது. தீவுக்கு வெளியே, நகரிலிருந்து தொலைவில் அது அமைந்ததைப் பலர் குறைசொல்வதுண்டு. வயலூர் மக்களுக்கு அதுவே பக்கம் என்பதையும் மறுக்க முடியாது.

பெரிய அரங்கைவிட அவசரமானவை சில உண்டு. மன்னாரின் மைதானங்களில் பெண் பார்வையாளர் குறைவு. ஆர்வக் குறைவை இதற்குக் காரணம் சொல்ல முடியாது. திருவிழாக் காலத்து ஆட்டங்களில், தேவாலய வளவுக்குப் பக்கத்து மைதானமாக இருந்தால், தாய்மாரும் பாட்டிமாரும் பாய் விரித்து உட்கார்ந்து பார்க்கிறார்கள். அங்கே அவர்களுக்கு நிழல், தண்ணீர், கழிப்பறை மூன்றும் உண்டு. பொது மைதானங்கள் பலவற்றில் மூன்றுமே இல்லை. உடைமாற்றும் அறையும் இல்லாததால் பெண்கள் அணிகள் ஆட்டத்துக்கு முன் பக்கத்து வீடொன்றைத் தேட வேண்டியிருக்கிறது.